கோட்டுக்கு வெளியே குவாரி ரோடு

டார்வர் கவுண்டியில் வெர்லீன் மேப்பைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவராகத்தான் இருக்க வேண்டும். கறுப்பர், வெள்ளையர் என்று பாராமல் இந்த ஊரில் பாதிப் பேர் அவள் கரண்டியிலிருந்து விழுந்த மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். பிள்ளைகள் தட்டை நீட்டும்போதே முகத்தைப் பார்ப்பாள். வீட்டில் சாப்பிடாமல் வந்த பிள்ளை என்று தெரிந்தால் இரண்டாவது கரண்டி தானாக விழும். "என்ன முழிக்கிற? தின்னுட்டு ஓடு" என்பாள். அவளுடைய கொஞ்சல் அவ்வளவுதான். புருஷன் ஏமஸ், கார் தொழிற்சாலையில் வேலை என்று டெட்ராய்ட்டுக்குப் போனவன், போனவன்தான். அதைச் சொல்லி யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "இருந்தப்ப மட்டும் என்னத்தக் கிழிச்சான்?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் பிறந்தது, வாழ்வது எல்லாம் குவாரி ரோட்டில். ஹேட்லி நகரத்தின் எல்லை ரயில் தண்டவாளத்தோடு முடிந்தது. தண்டவாளத்தைத் தாண்டினால் வெறும் கவுண்டி, அதாவது நகரத்தைச் சுற்றிக் கிடக்கும் நாட்டுப்புற மாவட்டம். நகரத்துத் தண்ணீர்க் குழாய் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. தெருவிளக்கும் அங்கேயே நின்றது. நகரத்துக் குப்பை வண்டி மட்டும் தாண்டி வரும். எதற்கு? எங்கள் மவுண்ட் ஏரி சர்ச் முற்றத்தில் திரும்பிக்கொண்டு போவதற்கு! ஒரு பை குப்பையைத் தொட மாட்டான். கருங்கல் உடைத்து அந்த நகரத்துக்குக் கோர்ட்டும் வங்கியும் கட்டிக் கொடுத்த குடும்பங்கள், கிணற்றுத் தண்ணீரில் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிப்போன வெள்ளைச் சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தார்கள். வயிறு எரியுமா, எரியாதா?

எதிர்வீட்டு ஜெனிவா ஸ்டோக்ஸும் வெர்லீனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். ஒரே பெஞ்சில் படித்து, ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். சண்டை போட்டால்கூட அவரவர் வாசலில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் பேசாமல் இருப்பார்கள். வெர்லீனுக்கு வாய் நீளம். ஜெனிவா பாட்டுக்கு மட்டும் வாயைத் திறப்பவள்; சர்ச் பாடகர் குழுவை அவள்தான் நடத்தினாள். முதியோர் இல்லத்தில் சலவை வேலை. அவள் புருஷன் ராஸ்கோ குவாரியில் கல் வெட்டியவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. ஐம்பத்தைந்து வயதிலேயே மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம், எந்நேரமும் அதன் முனகல். பக்கத்து அறைக்கு நடந்துபோனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்.

பைன் பலகையில் கட்டிய வீடு, உள்ளே ஆக்சிஜன், எழுந்து ஓட முடியாத மனுஷன். தெருவில் எல்லாருக்கும் உள்ளூர இருந்த பயம் நெருப்புதான். அப்போது தெருவுக்கு இருந்த ஒரே துணை மவுண்ட் கார்மல் தொண்டர் தீயணைப்பு நிலையம். மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்த டப் ஹேன்லி என்ற வெள்ளைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து தண்ணீர் லாரியை ஓட்டுவார். வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் குளம்போல் தண்ணீர் சுமந்து வரும் லாரி. ப்ரூயிட் வீட்டுப் புகைபோக்கி பற்றியபோது அணைத்தது அதுதான். ஆனாலும் ஜெனிவாவுக்கு அது போதவில்லை. வாசலில் ஒரு சிவப்புக் குழாய் நிற்க வேண்டும், தீயணைப்புக்காரன் வந்ததும் திருகினால் தண்ணீர் பீறிட வேண்டும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூலைக்கு மூலை நிற்கிறதே, அதுபோல. அது ஒன்றுதான் அவள் கேட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நகரத்தையும் கவுண்டியையும் ஒன்றாக்கும் பேச்சு கிளம்பியது. ஒரே மக்களுக்கு இரண்டு அரசு எதற்கு? நகரத்துக்கு ஒரு கவுன்சில், கவுண்டிக்கு ஒரு கமிஷன். இவர்களுக்குப் போலீஸ், அவர்களுக்கு ஷெரிஃப். இரண்டு தீயணைப்பு, இரண்டு சாலைத்துறை. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவோம், சேர ஓட்டுப் போடுங்கள் என்று துண்டுப் பிரசுரம் போட்டார்கள். 'ஒரே ஊர், ஒரே அரசு' என்று அதில் கொட்டை எழுத்து. அதைப் படித்ததும் வெர்லீனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஊர் என்றால் எல்லை இல்லை. எல்லை இல்லை என்றால் குழாய் தண்டவாளத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எங்கள் தெருவில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

நினைக்காதவர் ஒருவர் இருந்தார். நகரத்துக் கவுன்சிலர் கிளியோஃபஸ் ரெண்டர். எங்களைப் போலவே கறுப்பர், பொறுமைசாலி, சவ அடக்கக் கூடம் நடத்துபவர். சர்ச்சில் நடந்த கூட்டத்துக்கு அவரே வந்தார்.

"கை தூக்கறதுக்கு முன்னாடி சட்டத்துல என்ன இருக்குன்னு கேளுங்க" என்றார் ரெண்டர். "ரெண்டும் ஒண்ணாகுது, சரி. ஒரு மேயர், பத்துப் பேர் கமிஷன், சரி. ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு வட்டாரம் வச்சிருக்காங்க. பொதுச் சேவை வட்டாரம்னு ஒண்ணு, அது கவுண்டி முழுக்க. ஷெரிஃப், கோர்ட், ஜெயில், ரோடு, அவ்வளவுதான். நகரச் சேவை வட்டாரம்னு இன்னொண்ணு. தண்ணிக் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் அதுக்குள்ள மட்டும். அந்தக் கோடு எங்க ஓடுது தெரியுமா? பழைய நகர எல்லை எதுவோ, அதே எல்லை. அதே தண்டவாளம்."

"கோடுதானே, நகர்த்த முடியாதா?" என்றாள் வெர்லீன்.

"முடியும், கமிஷன் மனசு வச்சா. அந்தப் பத்துப் பேர்ல நம்ம ஆளுங்க எத்தனை பேர் வருவாங்கன்னு நெனச்சுப் பாரு. இன்னைக்கு நகரத்துல நம்மாளு மேயர். நாளைக்குக் கவுண்டி முழுக்க ஓட்டுன்னா நம்மாளு அந்த நாற்காலிய எட்டிப் பார்க்க முடியுமா?"

வெர்லீன் எழுந்துவிட்டாள். "பிரதர் ரெண்டர், உங்க வீட்டு வாசல்ல விளக்கு எரியுது. குழாயத் திருகினா தண்ணி கொட்டுது. நம்ம மேயர் நம்ம மேயர்ங்கறீங்களே, அந்த மகராசன் தண்டவாளத்தத் தாண்டி எங்களுக்கு ஒரு வாளி தண்ணி அனுப்பிச்சாரா? உங்களுக்கு நாற்காலி வேணும், எங்களுக்குக் கிணறு போதுமா?"

"கேளு சிஸ்டர்! நல்லாக் கேளு!" என்று பெஞ்சு பெஞ்சாகக் குரல் எழும்பியது. கை தட்டினார்கள், காலால் தரையைத் தட்டினார்கள். ரெண்டர் சர்ச் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மவுண்ட் ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்துக்குப் பொறுப்பு ஏற்பவர் எழுந்து முன்பெஞ்சின் முதுகில் கையை வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரை யாரும் குடைய மாட்டார்கள், எதிர்த்தும் பேச மாட்டார்கள். ஒருவர் சபைக்காகத் தோள் கொடுக்கும்போது அவரைச் சுரண்டக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்த மரியாதை. வெர்லீன் நடந்துபோய் முன்பெஞ்சில் கையை வைத்தாள். "நான் நிக்கறேன். நம்ம தெருவுக்குக் குழாய் வரும்" என்றாள். கூட்டம் அதோடு முடிந்தது.

மறுநாள் ஜெனிவாவின் சமையலறையில் உட்கார்ந்து அவரைக் கொட்டை உரிக்க உதவினாள். உதவி என்ன உதவி, ஆளை வளைக்கத்தான். ஜெனிவா ஓட்டுப் போட்டால் பாடகர் குழு முழுக்கப் போடும்.

"என்னடி, நேத்து சர்ச்சுல எல்லாரும் கத்தறாங்க, நீ மட்டும் ஊமை மாதிரி உக்காந்திருந்தே?"

"ரெண்டர் சொன்னது நெசமா இருந்தா?"

"அவனுக்கு நாற்காலி போயிடும்னு நடுக்கம்டி. சாவு வண்டி ஓட்டறவன் வேற எப்படிப் பேசுவான்?"

உள்ளறையிலிருந்து ராஸ்கோ குரல் கொடுத்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் அவரால் பேச முடியும். "வெர்லீன்... அந்தச் சிவப்புக் குழாய்... எங்க வாசல்லயா வரும்?"

"உங்க வாசல்லதான். நீங்களே பெயின்ட் அடிச்சுக்கலாம்."

அவர் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. ஜெனிவா எழுந்துபோய் அவர் முதுகைத் தடவிவிட்டு வந்தாள். வந்தவள் அவரைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி போ, போடறேன்" என்றாள்.

வாக்குச்சாவடி மவுண்ட் கார்மல் தீயணைப்பு நிலையத்திலேயே. டப் ஹேன்லி தண்ணீர் லாரியை வெளியே நிறுத்தி எங்களுக்கு வழி விட்டிருந்தார். ஜெனிவா வெளியே வந்ததும் வெர்லீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேரட்டும்னு போட்டியாடி?" "போட்டேன் போட்டேன், கையை விடு" என்றாள் ஜெனிவா. நகரத்துக்குள் சேரட்டும் என்றவர்கள் சுலபமாக ஜெயித்தார்கள். வெளியேயும் தனியாக ஜெயித்தாக வேண்டும்; அங்கே மயிரிழைதான். குவாரி ரோடு மட்டும் கவிழ்ந்திருந்தால் எல்லாமே கவிழ்ந்திருக்கும் என்று பத்திரிகையில் வந்தது. வெர்லீன் அதைப் படித்துக் காட்டாத வீடு இல்லை. 

ஜனவரியில் புது அரசு பதவியேற்றது. 'ஹேட்லி-டார்வர் ஒருங்கிணைந்த அரசு' என்று வண்டிக் கதவுகளிலெல்லாம் புதுப் பெயர் எழுதினார்கள். புதுப் பெயர் எழுதிய குப்பை வண்டி தண்டவாளத்தைத் தாண்டி வந்தது. சர்ச் முற்றத்தில் திரும்பியது. போய்விட்டது.

வெர்லீன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் புது மேயர். பள்ளியில் அவள் கையால் சாப்பிட்டவர்தான். "மிஸ் வெர்லீன்! வாங்க, உக்காருங்க!" என்று எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் கையைப் பிசைந்தார். "எனக்கு இருக்கறதெல்லாம் பேருதாம்மா. கூட்டத்த நடத்துவேன். ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னா மட்டும் ஓட்டுப் போடுவேன். வேலை நடத்தறது மேனேஜர்."

மேனேஜர் ஒஹையோவிலிருந்து கூலிக்கு அமர்த்திய ஆள், கெட்டிக்காரர். "கமிஷன் இன்னைக்குத் தீர்மானம் போடட்டும், நாளைக்கே பள்ளம் தோண்டறேன். தீர்மானம் போடறது என் வேலை இல்லை. உங்க தொகுதி உறுப்பினரைப் பாருங்க."

தொகுதி உறுப்பினர் ஒரு பால்பண்ணைக்காரர். தொகுதிக் கோட்டை இழுத்தவன் எந்தக் கையால் இழுத்தானோ, எங்கள் தெருவைக் கொண்டுபோய்க் கவுண்டியின் மறுகோடியில் இருந்த ஏரிக்கரைப் பண்ணைகளோடு முடிச்சுப் போட்டிருந்தான். "எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா கோட்டை நகர்த்தணும்னா, இங்க குழாய் போட முடியும்னு தண்ணீர் வாரியம் மொதல்ல உறுதி குடுக்கணும்" என்றார் அவர்.

தண்ணீர் வாரியமோ இணைப்பில் சேரவே இல்லை. அது பழையபடி தனி ராஜ்ஜியம். அங்கே ஜன்னலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "நகரச் சேவை வட்டாரத்துக்குள்ள இருந்தா மட்டும்தான் நாங்க குழாய் போடுவோம், மேடம். மொதல்ல கோடு நகரணும்."

"அவங்க உங்களக் காட்டறாங்க, நீங்க அவங்களக் காட்டறீங்க. ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துலதானே இருக்கீங்க? ஒரு நாளாவது சேர்ந்து காபி குடிச்சதில்லையா?"

"அவங்க மேல்மாடி, மேடம்" என்றாள் அந்தப் பெண்.

மாதம் இருமுறை கமிஷன் கூடும். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். வெர்லீன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் அந்த மூன்று நிமிஷமும் நின்றாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். திரும்பி வரும்போது தெருவில் யாரும் "என்னாச்சு?" என்று கேட்க மாட்டார்கள். முன்பெஞ்சில் கை வைத்தவளைக் குடையக் கூடாதே! ஜெனிவாவும் கேட்கவில்லை. வெர்லீனே போய், "இன்னும் கொஞ்ச நாள்டி, வந்துடும்" என்பாள். "சரி" என்பாள் ஜெனிவா.

இதற்கிடையில் தீயணைப்பு இரண்டும் ஒன்றாகின. ஒரே தலைவர். அவர் கவுண்டி வரைபடத்தை மேஜையில் விரித்து, எந்த நிலையத்திலிருந்து எந்தத் தெரு பக்கம் என்று பார்த்தார். நகரத்து இரண்டாம் நிலையம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலேயே. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எல்லையைத் தாண்டி வராத வண்டி, இனி எங்கள் தெருவுக்கு வரும். அப்புறம் மவுண்ட் கார்மல் எதற்கு? மூடினார். தண்ணீர் லாரியை நிலையமே இல்லாத ஏரிக்கரைக்கு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்தது தூரத்தின் வரைபடம். தண்ணீர்க் குழாயின் வரைபடம் வாரியத்தில் இருந்தது. நகரத்து வண்டி தொட்டியில் கொஞ்சம் தண்ணீர்தான் கொண்டுவரும். அது வேலையை ஆரம்பிக்க. மீதியைத் தெருக்குழாயிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்பது நகரத்து வண்டிக்காரனுக்கு மூச்சு விடுவதுபோல. அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தெருக்குழாயே இல்லாத தெரு ஒன்று இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நிலையம் இனி நம்முடையது என்று கேட்டதும் வெர்லீன் வெண்ணெய் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். சேர்ந்ததில் கிடைத்த முதல் நல்லது என்று சர்ச்சில் சொன்னாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரி மாதம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பள்ளிச் சமையலறையைக் கழுவிவிட்டு வெர்லீன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஜெனிவா வேலைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தது. முன்னறை ஹீட்டரின் ஒயர் பற்றியிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். வெர்லீன் தன் வீட்டுக்குள் ஓடிப்போய் போன் செய்துவிட்டு வந்து, ஜெனிவா வீட்டின் பின்பக்க ஜன்னலை விறகுக்கட்டையால் உடைத்தாள். உள்ளே கருப்பாகப் புகை, தலையைக்கூட நுழைக்க முடியவில்லை. "ராஸ்கோ! ராஸ்கோ! இந்தப் பக்கம் வாங்க!" என்று கத்தினாள். கட்டில் பக்கத்துச் சுவரை யாரோ தட்டுவது கேட்டது. நிதானமாகத் தட்டினார். அவசரமாகத் தட்ட அவருக்கு மூச்சு ஏது?

வண்டி வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் ஒரு தீயணைப்பு வண்டி குவாரி ரோட்டுக்கு வந்ததே இல்லை. "ஆண்டவரே! வந்துட்டாங்க! ராஸ்கோ, வந்துட்டாங்க!" என்று ஜன்னலில் கத்தினாள். கேக் சாப்பிட்ட அதே பையன்கள். இரண்டு பேர் குழாயை இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். தண்ணீர் சீறி அடித்தது. நெருப்பு பின்வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியின் தலைவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வெர்லீனிடம் ஓடிவந்தார்.

"அம்மா, தெருக்குழாய் எங்க?"

வெர்லீன் தெருவின் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"சீக்கிரம்மா! தொட்டியில தண்ணி முடியப் போவுது. சிவப்புக் குழாய், சிவப்புக் குழாய் எந்தப் பக்கம்?"

"இல்லை" என்றாள்.

"இல்லைன்னா?"

"இந்தத் தெருவுல இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்."

அந்த மனிதர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபம் இல்லை, அவர் நம்பவில்லை. பிறகு வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டே ஓடினார். இருக்கிற குழாய்ச் சுருளையெல்லாம் பிரித்துத் தண்டவாளம் வரைக்கும் இழுத்தார்கள். எட்டவில்லை. இரண்டாவது வண்டி வந்தது, அதன் தொட்டியும் அதே அளவு. உள்ளே போனவர்கள் கையில் பிடித்திருந்த குழாய் தளர்ந்து தரையில் கிடந்தது. தலைவர் விசில் ஊதி அவர்களை வெளியே கூப்பிட்டார். ஒருவன் வர மாட்டேன் என்று நின்றான். மற்றவன் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தான். அவன் புல்லில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதான். டப் ஹேன்லி புகையைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியில் வந்து இறங்கி, வெறும் கையோடு நின்றார். "என் லாரி... என் லாரி இருந்திருந்தா..." என்றார்.  லாரி ஏரிக்கரையிலிருந்து வந்து சேர்ந்தபோது சுவர் தட்டும் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஜெனிவாவை வேலை இடத்திலிருந்து யாரோ காரில் கொண்டுவந்தார்கள். சலவை உடுப்போடு இறங்கினாள். "உள்ளயா இருக்கார்?" என்று வெர்லீனைக் கேட்டாள். வெர்லீன் தலையாட்டினாள். ஜெனிவா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். வெர்லீனும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

அடக்க ஆராதனைக்கு ஒருங்கிணைந்த அரசு இரங்கல் தீர்மானம் அனுப்பியது. தங்க முத்திரை, மேயர் கையெழுத்து, பத்து உறுப்பினர் கையெழுத்து. குழாய்க்கு ஒன்றுசேராத பத்துப் பேர் இதற்குச் சேர்ந்துவிட்டார்கள்! எங்கள் சர்ச்சில் அப்படி வருவதைச் சபைக்குப் படிப்பது வெர்லீன்தான், எத்தனையோ வருஷமாக. அன்றைக்கும் எழுந்தாள். "நம் அருமைக் குடிமகன் ராஸ்கோ ஸ்டோக்ஸ்" வரைக்கும் படித்தாள்.  ரெண்டர்தான் எழுந்து வந்து அவள் கையிலிருந்து வாங்கி மீதியைப் படித்தார்.

வெளியே வந்ததும் அவரை வழிமறித்தாள். "சொல்லிடுங்க பிரதர். அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"என்னத்தச் சொல்ல?" என்றார் ரெண்டர். "நான் ஜெயிச்சிருந்தாலும் உங்க தெருவுக்குக் குழாய் வந்திருக்காது, வெர்லீன். நீ கேட்டது நியாயம்தான். அதான் என் நெஞ்ச அறுக்குது."

வீடு இல்லாத ஜெனிவா வேறெங்கே போவாள்? வெர்லீன் வீட்டுக்கு வந்தாள். வெர்லீன் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு சோபாவில் படுத்துக்கொண்டாள். ஜெனிவாவுக்குப் பிடித்த சோள ரொட்டி, கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு என்று சமைத்துச் சமைத்து வைத்தாள். ஜெனிவா சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். பாடவில்லை. திட்டவும் இல்லை. வெர்லீன் அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தாள். ஒரு அறை அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு. அது வராதபோது அவளுக்கு ஆறுதல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்துதானே நம்பினோம், ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஏமாந்தோம். அதை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வாள். "நாம நம்பித்தானேடி போட்டோம். நமக்கு என்ன தெரியும்?" ஜெனிவா எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

கோடு நகர்ந்தது. வாரியமும் கமிஷனும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தன. மேல்மாடி இறங்கி வந்தது! மறுவருஷ வசந்தத்தில் குவாரி ரோடு நகரச் சேவை வட்டாரத்துக்குள் வந்தது. பள்ளம் தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள். சிவப்புக் குழாயை எங்கே நட்டார்கள் என்று சொல்லவா வேண்டும்? தெருவுக்கு நட்ட நடுவில் அமைந்தது ஸ்டோக்ஸ் வீட்டு வாசல்தான். வீடு இல்லாத வாசல்.

சோதனை போடுவதற்காக ஒரு சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்து அதைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் தெருவை முட்டிக்கொண்டு பாய்ந்தது, குழந்தைகள் அதில் குதித்தார்கள். வெர்லீன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஜெனிவா ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். சவானாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு, இனி அங்கேயேதான் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள்.

"பாத்தியாடி" என்றாள் வெர்லீன் திரும்பாமல். "இதுக்குத்தானேடி நாம போட்டோம். ரெண்டு பேரும் இதை நம்பித்தானே..."

"நான் சேர வேண்டாம்னுதான் போட்டேன்" என்றாள் ஜெனிவா.

வெர்லீன் திரும்பினாள்.

"ரெண்டர் சொன்னதுதான் எனக்கு நெசமாப் பட்டுது. வேண்டாம்னு போட்டுட்டு வந்து உங்கிட்டப் பொய் சொன்னேன். நீ முன்பெஞ்சுல கை வச்சுட்டே. அப்புறம் எதிர்த்துப் பேசறதில்லையே நாம."

"அவர் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா நீ தனியா நிக்கணுமேன்னு பாத்தேன். பாத்துப் பாத்து ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஆனா நீ 'நாம, நாம'ன்னு சொல்றே பாரு, அது இனிமே என்னால கேக்க முடியாது, வெர்லீன். உன்ன நம்பினது நான் இல்ல. அவரு. வாசல்ல குழாய் எப்ப வரப்போவுதுன்னு தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

வெர்லீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.   வெளியே தங்கையின் கார் ஹாரன் அடித்தது. ஜெனிவா குனிந்து அவள் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அது ஒப்புக்குக் கொடுத்தது இல்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதைக் கடந்து கார் வரைக்கும் நடந்தாள்.